கழிவு என்றால் ஊருக்கு, தங்கம் என்றால் ஏலத்துக்கு

கோலார் தங்கவயலில் பதின்மூன்று மண்மேடுகள் இருக்கின்றன. நூறாண்டுக்கு மேலாகப் பாறையைப் பொடித்து, சயனைடுக் கரைசலில் ஊறவைத்து, தங்கத்தைப் பிரித்தபின் வெளியே கொட்டிய மண் அது. ஏறத்தாழ 3.3 கோடி டன். ஊரார் அதைச் சயனைடு மேடு என்பர். காற்று எழும் காலத்தில் அந்த மண் லைன் வீடுகளின் கூரையிலும் குடத்திலும் சோற்றிலும் வந்து படியும். அதற்கு எதிராக மனுக்கொடுத்துச் சலித்தவர்களிடம் சொல்லப்பட்டது ஒரே பதில்தான்: அது கழிவு, அதைச் செய்வதற்கு ஒன்றுமில்லை.

2024 ஜூனில் அதே மண்ணுக்குப் பெயர் மாறியது. ஆயிரம் ஏக்கருக்குச் சற்று மேற்பட்ட பரப்பில் கிடக்கும் அப்பதின்மூன்று மேடுகளையும் மறுபடி அலசித் தங்கம் எடுக்க ஒன்றிய அரசு முன்வைத்த திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அன்றுமுதல் அது வளம். நாளேடுகள் தங்கவயல் மீண்டும் மின்னப்போகிறது என எழுதின. தூசியாக இருந்தவரை ஊருக்குச் சொந்தமாக இருந்த பொருள், விலை ஏறியதும் ஊருக்குச் சொந்தமில்லாததாகிவிட்டது. அந்த ஒப்புதலைச் சுற்றி எழுந்த பேச்சில் ராயல்டி, நிலுவை, குத்தகை ஆகியவை இடம்பெற்றன. மண்ணைச் சுவாசித்தவர்களுக்குப் பங்கு உண்டா என்ற கேள்வி இடம்பெறவில்லை. வேலை கிடைக்கும் என்ற வாக்குறுதி மட்டும் வழக்கம்போல் வந்தது.

'புத்துயிர்' என்ற சொல்லையே முதலில் ஐயுற வேண்டியிருக்கிறது. ஒன்று செத்துவிட்டது என்ற முன்முடிவை அச்சொல் தன்னுள் சுமந்து வருகிறது. செத்தது எது? 2011 கணக்கெடுப்பின்படி ராபர்ட்சன்பேட்டை நகராட்சியில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்தனர். மாரிக்குப்பத்திலிருந்து விடிவதற்கு முன் புறப்படும் ரயில்களில் ஆயிரக்கணக்கானோர் நாள்தோறும் நூறு கிலோமீட்டர் கடந்து பெங்களூரு சென்று, இரவு திரும்புகின்றனர். ஒரு பெருநகரத்தின் கட்டடங்களையும் ஆலைகளையும் அலுவலகங்களையும் தன் உழைப்பால் தாங்கும் ஊர் செத்த ஊராகாது. செத்தது ஒரு நிறுவனம். அதுவும் தானாகச் சாகவில்லை.

அந்தச் சாவைப் பற்றி நிலவும் கதை எளிமையானது: தங்கம் தீர்ந்தது, நட்டம் பெருகியது, மூடினார்கள். கணக்கைப் புரட்டினால் கதை வேறு. 1880இல் ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் நிறுவனம் வந்ததிலிருந்து ஏறத்தாழ 800 டன் தங்கம் இவ்வயலிலிருந்து எடுக்கப்பட்டது. முக்கால் நூற்றாண்டு ஈவுத்தொகை லண்டனுக்குப் போனது. 1956இல் சுரங்கங்கள் மைசூர் அரசின் கைக்கு வந்தன. 1962இல் ஒன்றிய நிதியமைச்சகத்தின் கீழ். 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம். நிதியமைச்சகத்தின் கீழிருந்த 1960களில் இங்கு விளைந்த தங்கம், பன்னாட்டு அதிகாரப்பூர்வ விலையான அவுன்சுக்கு 35 டாலர் என்ற கணக்கில் அரசிடம் ஒப்படைக்கப்பட்டது. 1966இல் ரூபாயின் மதிப்புக் குறைக்கப்படும்வரை அது 10 கிராமுக்கு 54 ரூபாய்க்கும் குறைவு. உள்நாட்டுச் சந்தையிலோ விலை நூறு ரூபாயைத் தாண்டியிருந்தது. பாதி விலைக்கு வாங்கிக்கொண்டு, கணக்குப் புத்தகத்தில் நட்டம் என்று எழுதியது ஒரே அரசுதான். நாட்டின் அந்நியச் செலாவணிக்குத் தங்கவயல் கொடுத்த மானியம் அது. மானியம் கொடுத்தவரையே சுமை என்று அழைத்தது பிற்காலத்துப் பெருந்தன்மை.

ஆழம் கூடக்கூடச் செலவும் கூடியது உண்மை. சாம்பியன் ரீப் சுரங்கம் 3,200 மீட்டர் வரை இறங்கியது. அடியில் பாறையின் வெப்பம் 60 பாகைக்கு மேல். தாதுவின் தரமும் வீழ்ந்திருந்தது. இவற்றை மறுப்பது நேர்மையாகாது. ஆனால் மூடிய நேரத்தைக் கவனிக்க வேண்டும். 1992இல் நலிவுற்ற நிறுவனமாக அறிவிக்கப்பட்டு, 2000இல் மூடப் பரிந்துரைக்கப்பட்டு, 2001 பிப்ரவரி இறுதியில் கதவு சாத்தப்பட்டது. அவ்வாண்டு உலகச் சந்தையில் தங்கம் அவுன்சுக்கு 270 டாலர் அளவில் கிடந்தது. இருபதாண்டுகளில் அதுவே மிகத் தாழ்ந்த காலம். 2008இல் ஆயிரத்தைத் தொட்டது, 2011இல் 1,900. அதே மாநிலத்தில், ராய்ச்சூர் மாவட்டத்தின் ஹட்டியில், மாநில அரசின் நிறுவனம் தாக்குப்பிடித்தது. இன்றும் தங்கம் எடுக்கிறது. தங்கவயலில் நீரிறைக்கும் எந்திரங்கள் நின்றன. சுரங்கம் நீரில் மூழ்கியது. பின்னர் எவர் வந்தாலும் அடி ஆழத்துக்கு இறங்குவது பெருஞ்செலவு என்ற நிலை அந்த ஒரு முடிவால் உண்டாக்கப்பட்டது. இப்போது மேட்டு மண்ணை மட்டும் பேசுவதற்குக் காரணமும் அதுதான்.

ஒப்பிட ஓர் ஊர் இருக்கிறது. வேல்ஸ் நாட்டின் டவர் நிலக்கரிச் சுரங்கத்தை இலாபமில்லை என்று பிரிட்டிஷ் அரசு நிறுவனம் 1994இல் மூடியது. தொழிலாளர் 239 பேர் தமக்குக் கிடைத்த விலகல் தொகையிலிருந்து தலைக்கு 8,000 பவுண்டு எடுத்துவைத்தனர். ஏறத்தாழ 19 லட்சம் பவுண்டு சேர்ந்தது. 1995 ஜனவரியில் சுரங்கத்தை விலைக்கு வாங்கித் திறந்தனர். இலாபமில்லை என்று தீர்ப்பெழுதப்பட்ட அச்சுரங்கம் 2008 ஜனவரி வரை, அதாவது எடுக்கக்கூடிய நிலக்கரி தீரும்வரை, அவர்கள் கையில் ஓடியது. பதின்மூன்று ஆண்டுகள். தலைமுறைக்கெல்லாம் விடிவு வந்துவிடவில்லை. ஆனால் சுரங்கம் எப்போது முடியும் என்பதை லண்டன் அலுவலகம் தீர்மானிக்காமல் நிலக்கரியே தீர்மானித்தது.

தங்கவயலில் 2001இல் வேலையிழந்த மூவாயிரத்துச் சொச்சம் தொழிலாளர்களுக்கும் விலகல் தொகை கிடைத்தது. அது தனித்தனிக் கைகளில், தனித்தனிக் காசோலைகளாக வந்து சேர்ந்தது. கடன், மகள் திருமணம், மருத்துவம், பெங்களூருவில் வாடகை முன்பணம் எனச் சிதறுவதற்கு எல்லா வழியும் இருந்தது. ஒன்றுசேர்வதற்கு ஒரு வழியும் அமைக்கப்படவில்லை. பணம் இருந்தது, திரட்டும் அமைப்பு இல்லை. ஏழை மக்களிடம் முதலீடு ஏது என்று கேட்பவர்கள் இந்த ஒரு தருணத்துக்கு விடை சொல்லட்டும்.

இதில் அரசுகளை மட்டும் குற்றம் சொல்லித் தப்பவும் முடியாது. 2006இல் ஒன்றிய அரசே ஒரு கதவைத் திறந்தது: உலக ஒப்பந்தப்புள்ளி கோருவது, ஆனால் வரும் அதிகபட்ச விலைக்கு ஈடுகொடுத்துச் சொத்தைப் பெறும் முதல் உரிமையை முன்னாள் தொழிலாளர்களுக்கு அளிப்பது. வழக்குகள் நீண்டன. 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஒப்பந்தப்புள்ளிக்கு வழிவிட்டது. ஏழாண்டு வழக்கில் கழிந்த காலம் தங்கத்தின் விலை வானேறிய காலம். அந்த ஏழாண்டில் தொழிற்சங்கங்கள் ஒரே மேசையில் அமர்ந்து ஒரே நிறுவனத்தைப் பதிவுசெய்து, பங்கு திரட்டி, பொறியாளர்களை அமர்த்தி நின்றிருந்தால் அந்த முதல் உரிமைக்கு உடல் கிடைத்திருக்கும். யார் உண்மையான பிரதிநிதி என்ற போட்டியே பெரிதாக நின்றது. 2015இல் கனிமச் சட்டம் திருத்தப்பட்டு ஏலமே பொதுவிதியானது. தொழிலாளரின் முதல் உரிமை என்ற சொற்றொடர் அதன்பின் எந்த அறிவிப்பிலும் உயிரோடு தென்படவில்லை.

இனி எண்கள். மேடுகளில் டன்னுக்கு ஒரு கிராமுக்கும் குறைவாகவே தங்கம் இருக்கிறது. மிகக் குறைவாகவே கொள்வோர்க்கு: டன்னுக்கு அரை கிராம் மட்டுமே எடுக்க முடிந்தாலும் 3.3 கோடி டன்னில் 16.5 டன் தங்கம். கிராம் 7,000 ரூபாய் என்ற 2024 நடுப்பகுதி விலையை ஒட்டி மதிப்பிட்டால் 11,550 கோடி ரூபாய். செலவு போக எஞ்சுவது எவ்வளவு என்பது எந்திரத்தையும் காலத்தையும் பொறுத்தது, அது இருக்கட்டும். தங்கத்துக்கான ராயல்டி 4 சதவீதம். சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட ஊர்களுக்கென 2015 திருத்தம் உருவாக்கிய மாவட்டக் கனிம நிதிக்குச் சேர்வது, அந்த ராயல்டியின் மேல் கணக்கிடப்படும் 10 சதவீதம். பழைய குத்தகையாயின் 30 சதவீதம். ஆகவே நூறு ரூபாய்த் தங்கத்தில் ஊருக்கென வருவது 40 காசு. மிகத் தாராளமான கணக்கில் 1 ரூபாய் 20 காசு. அதுவும் தங்கவயலுக்கு நேராக வராது. மாவட்ட நிருவாகத்தின் கைக்குப் போய், மாவட்டம் முழுமைக்கும் பகிரப்பட்டு, எந்தச் சாலையிலோ எந்தக் கட்டடத்திலோ கரையும்.

இது இயற்கையின் நியதியன்று. 2011இல் மக்களவையில் வைக்கப்பட்ட கனிம மசோதா, நிலக்கரிச் சுரங்கங்களின் லாபத்தில் 26 சதவீதத்தையும், பிற முதன்மைக் கனிமங்களுக்கு ராயல்டிக்குச் சமமான தொகையையும் பாதிக்கப்பட்ட மக்களுக்கென ஒதுக்கச் சொன்னது. தொழில்துறை அமைப்புகள் கூக்குரலிட்டன. மசோதா 2014இல் மக்களவையோடு காலாவதியானது. அடுத்த ஆண்டுச் சட்டம், ராயல்டியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படலாகாது என்று உச்சவரம்பு கட்டியது. முழு ராயல்டி என்று தொடங்கிய பேச்சு நான்காண்டில் பத்தில் ஒரு பங்கில் வந்து நின்றது. இதைத்தான் இப்போது சமூகநலன் என்று வாசிக்கச் சொல்கிறார்கள்.

மற்றொரு பாதையும் அடிக்கடி முன்வைக்கப்படுகிறது: சுரங்க நிலத்தில் தொழிற்பூங்கா. நிலம் இருக்கிறது, ரயில் இருக்கிறது, பெங்களூரு அருகில் என்ற மூன்று வாக்கியங்களால் ஆன திட்டம் அது. அரங்குக்கு அரங்கு படக்காட்சி மட்டும் மாறும். தொழிற்பூங்கா வரட்டும், அதில் பகையில்லை. 1964இல் தொடங்கிய பெமல் நிறுவனத்தின் ஆலை இங்கே இயங்குவதே இவ்வூர் தொழிலுக்கு ஏற்றது என்பதற்குச் சான்று. ஆனால் அந்நிலத்தில் ஏற்கெனவே மனிதர்கள் குடியிருக்கிறார்கள். பாட்டன் காலத்து லைன் வீட்டுக்கு இன்னும் முழு உரிமைப் பத்திரம் கிடைக்காமல் காத்திருக்கும் குடும்பங்கள் அவை. பத்திரமில்லாத வீட்டை ஈடாக வைத்து வங்கியில் கடன் பெற முடியாது. கடன் பெற முடியாதவர் பட்டறை வைக்க முடியாது. பிறகு இவ்வூராரிடம் தொழில்முனைவு இல்லை என்று அறிக்கை எழுதப்படும். வெளியூர் நிறுவனத்துக்கு நிலத்தைக் குத்தகைக்குத் தர ஓராண்டு போதும் என்போர், உள்ளூர்க் குடும்பத்துக்கு அது வாழும் பத்தடிக்குப் பத்தடி அறையை எழுதிக்கொடுக்க இரண்டு தலைமுறை எடுத்துக்கொள்வது ஏன் என்று சொல்ல வேண்டும்.

ஏன் என்பதற்கு விடை எல்லோருக்கும் தெரிந்ததே. சுரங்கத்தில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் வட ஆர்க்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் அக்கம்பக்க வறண்ட தாலுகாக்களிலிருந்தும் பண்ணையடிமையைத் துறந்து வந்த தலித் மக்கள். அவர்களைக் கூலி என்று பதிவேடு எழுதியது. பின்னர் தொழிலாளி என்றது. இப்போது பயனாளி என்கிறது. முதலீட்டாளர் என்று எழுத எந்தப் பதிவேட்டுக்கும் மனம் வரவில்லை. கர்நாடகத்தில் தமிழர், தமிழகத்தில் அயலூரார் என்ற இரட்டை அநாதைநிலையும் சேர்ந்துகொண்டது. இரு மாநிலத்துச் சட்டமன்றத்திலும் இவர்களது வாக்குக்கு உள்ள எடை அற்பம்.

அவர்கள் முதலிடவில்லையா? 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தொலைவுக்குக் கம்பியிழுத்து மின்சாரம் இங்கே வந்தது. பெங்களூரு தெருவிளக்கு எரிய மேலும் மூன்றாண்டு ஆயிற்று. அந்த மின்சாரத்தில் இறங்கிய கூண்டில் நின்றவர்களின் நுரையீரலில் சிலிக்காத் தூசி தங்கியது. அவர்கள் ஏர்பிளாஸ்ட் என்றழைத்த பாறைவெடிப்பில் எத்தனையோ பேர் மேலே வரவேயில்லை. 1946 நவம்பரில் போராடிய தொழிலாளர்மீது காவல்துறை சுட்டு உயிர்களைப் பறித்தது. 1965இல் வளிமண்டல நியூட்ரினோவை உலகில் முதன்முதலாகப் பதிவுசெய்த ஆய்வுகளுள் ஒன்று இச்சுரங்கத்தின் ஆழத்தில்தான் நடந்தது. அறிவியல் வரலாறு பேராசிரியர்களின் பெயரை நினைவில் வைத்திருக்கிறது, கருவிகளைத் தோளில் சுமந்து இறக்கியவர்களின் பெயரை அன்று.

பணமாகவும் முதலிட்டார்கள். கூட்டாக நிறுவனம் கட்டத் தெரியாத மக்கள் என்று இவர்களைச் சொல்வோர் மாரிக்குப்பத்தின் வரலாற்றை அறியாதவர். பண்டிதர் அயோத்திதாசரின் சாக்கிய பௌத்த சங்கம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இங்கே கிளை விட்டது. சுரங்கக் கூலியிலிருந்து எடுத்துவைத்த காசில் சங்கம் நடந்தது. சித்தார்த்த புத்தகசாலை நடந்தது. அயோத்திதாசரின் எழுத்துகள் நூலாயின. அவர் மறைந்து பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1926இல், 'தமிழன்' இதழ் ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு மீண்டும் வெளிவந்தது சென்னையிலிருந்தன்று, இந்தத் தங்கவயலிலிருந்து. புரவலர் என்று சொல்லத்தக்க ஜமீன்தார் எவரும் பின்னால் இல்லை. பாறை உடைத்தவர்களின் சந்தாவில் பத்திரிகை நடத்திய ஊருக்குக் கூட்டு முதலீட்டைக் கற்பிக்க வெளியிலிருந்து ஆள் வர வேண்டியதில்லை.

கூட்டுறவு என்றதும் உதடு சுழிப்பவர் உண்டு. அவர்கள் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. 1988இல் உச்ச நீதிமன்ற ஒப்புதலோடு தொழிலாளர் ஏற்ற மும்பையின் கமானி டியூப்ஸ், நல்ல தொடக்கத்துக்குப் பின் சில ஆண்டுகளில் தள்ளாடி வீழ்ந்தது. நடைமுறை மூலதனம் கிடைக்காமையும் உட்பூசலும் சேர்ந்து கெடுத்தன. ஆனால் எதிர்ச்சான்றும் தொலைவில் இல்லை. வடகரையில் 1925இல் பதினான்கு கூலித் தொழிலாளர்கள் தொடங்கிய ஊராளுங்கல் தொழிலாளர் ஒப்பந்தக் கூட்டுறவுச் சங்கம், சாதி மறுப்பு இயக்கத்தைச் சேர்ந்தவர்கள் என்பதால் வேலை மறுக்கப்பட்டவர்களின் சங்கம் அது, இன்று கேரளத்தின் சாலைகளையும் பாலங்களையும் கட்டுகிறது. கோழிக்கோட்டில் சொந்தமாகத் தகவல்தொழில்நுட்பப் பூங்கா வைத்திருக்கிறது. தனியார் நிறுவனங்கள் வீழ்ந்ததில்லையா என்ன? அவை வீழ்ந்தால் சந்தையின் சுழற்சி, தொழிலாளர் நிறுவனம் வீழ்ந்தால் மட்டும் கொள்கையின் தோல்வி!

கேட்க வேண்டியது பெரிய புரட்சியன்று. மேட்டு மண்ணை அலசும் நிறுவனம் எதுவாயினும், அரசோ தனியாரோ, அதன் பங்கில் 26 சதவீதம் முன்னாள் தொழிலாளர் குடும்பங்களும் மேடுகளைச் சுற்றி வாழும் குடும்பங்களும் அமைக்கும் கூட்டுறவுக்கு எழுதப்பட வேண்டும். கம்பெனிச் சட்டத்தில் சிறப்புத் தீர்மானத்துக்கு முக்கால் பங்கு வாக்கு வேண்டும். 26 கையில் இருந்தால் ஊரைக் கேளாமல் நிறுவனத்தை உருமாற்ற முடியாது. கர்நாடகத்தின் 1997ஆம் ஆண்டுச் சௌஹார்த கூட்டுறவுச் சட்டம், பதிவாளரின் தலையீடு குறைந்த அமைப்புக்கு இடமளிக்கிறது. புதுச்சட்டம் எதுவும் இயற்ற வேண்டியதில்லை. அந்தப் பங்கின் ஈவு தலைக்கு இத்தனை ரூபாய் என்று பிரித்துக்கொடுத்துத் தீர்க்கப்படலாகாது. 2001இல் செய்த அதே பிழையாகிவிடும். மேட்டு மண் பத்தோ இருபதோ ஆண்டில் தீர்ந்துபோகும் பொருள். அது தீரும்போது ஊரின் கையில் ஒரு நிதி நிற்க வேண்டும். ரயிலேறாமல் பிழைக்க விரும்பும் பொறியாளனுக்கும் தையற்காரிக்கும் கடன் தரும் நிதி, நுரையீரல் நோயாளியை வைத்துப் பார்க்கும் மருத்துவமனையை நடத்தும் நிதி. சுரங்கம் நடத்திய மருத்துவமனை சுரங்கத்தோடு சேர்ந்து மூடப்பட்டது இவ்வூர் மறவாத செய்தி.

அதற்கு முன்னதாக வீட்டுப்பத்திரம். முதல் வண்டி மண் மேட்டிலிருந்து நகர்வதற்கு முன்பே லைன் வீடுகளின் உரிமை குடும்பங்களின் பெயரில், பெண்களின் பெயரையும் சேர்த்து, எழுதப்பட வேண்டும். அலசும்போது மறுபடி கிளம்பும் தூசிக்கும், மறுபடி பயன்படும் சயனைடுக்கும், அவை கலக்கும் நீருக்கும் பொறுப்பேற்பவர் யார் என்பது ஒப்பந்தத்தில் பெயர்சொல்லி எழுதப்பட வேண்டும். அந்த ஒப்பந்தம் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் மட்டுமன்றி, படித்துக் கையெழுத்திட வேண்டியவர்களின் மொழியான தமிழிலும் வெளியிடப்பட வேண்டும்.

தொழிற்சங்கத் தலைவர்களுக்கும் ஒரு வேலை உண்டு. ஒப்பந்தப்புள்ளி அறிவிப்பு வந்தபின் நீதிமன்றப் படியேறுவது 2006இலிருந்து பார்த்துச் சலித்த காட்சி. அறிவிப்பு வருமுன் கூட்டுறவு பதிவாகியிருக்க வேண்டும். உறுப்பினர் பட்டியல் தயாராக இருக்க வேண்டும். 2001இல் முப்பது வயதில் வெளியேறியவர்கள் ஓய்வு வயதை நெருங்கிவிட்டார்கள். அன்று ஐம்பதில் இருந்தவர்களில் பலர் ஆண்டர்சன்பேட்டைக் கல்லறையில் இருக்கிறார்கள்; பட்டியலில் அவர்களது வாரிசுகளின் பெயரை எழுதத் தொடங்க வேண்டும்.